முத்திரை விழாத மனு

அத்தியாயம் 11

இரண்டு நாளாக பாக்யராஜ் தன் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பார். வியாழக்கிழமை மூன்றாவது தோசையைக் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார். இது மனத்தாங்கல். சகாயராணிக்கு இருபத்து நான்கு வருடப் பழக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். அதனால் அவள் கண்டுகொள்ளவில்லை.

விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே, கரும்பு வயல்களுக்குள் ஒளிந்திருக்கும் ஓடைமேட்டில் பட்டம் வாங்கிய பெண்கள் பலர் உண்டு. பட்டம் வாங்கிவிட்டு பெங்களூருக்கு மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்ட முதல் பெண் பாக்யராஜின் மகள் சுவேதா. பப்ளிக் பாலிசி என்று ஒரு படிப்பு. அரசாங்கத்தின் திட்டம் ஜனங்களிடம் எப்படி வந்து சேர்கிறது, எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஆராய்கிற படிப்பு. விண்ணப்பத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. ‘நீங்கள் ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள்?’ என்று எண்ணூறு வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. மார்க்கைவிட அதைத்தான் பார்ப்பார்கள் என்று கல்லூரி ஆசிரியை செல்வகுமாரி சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

கட்டுரை என்றதும் பாக்யராஜ் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்காரமாட்டார்? பகலில் அரங்கநாதன் முதலாளியின் டிராக்டரை ஓட்டினாலும் ஓடைமேட்டுக்கு அவர் மனு எழுதுகிறவர். பத்தாவது வரை படித்தவர், கையெழுத்து அச்சு மாதிரி நிற்கும். முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பட்டா, எதுவானாலும் ஜனங்கள் ஒரு முழு வெள்ளைத்தாளோடு அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எழுதுவார், நகல் எடுப்பார், டவுனுக்குப் போகிற சாக்கில் ஆபீசில் தானே கொடுப்பார், நகலில் ரப்பர் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்து ஃபைலில் போடுவார். காரியம் நடந்துவிட்டால் நகலின் மூலையில் சிவப்பு மையில் ‘முடிந்தது’ என்று எழுதி வைப்பார். ஒரு கை சர்க்கரை கூட வாங்கமாட்டார். அவர் மனுவைப் படித்தால் அதிகாரிக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று ஊரில் பேச்சு. எந்த அதிகாரி அழுதார் என்று யாரும் கேட்டதில்லை.

ஆகவே பெங்களூருக்கும் அவர் மனுவே எழுதினார். ‘பெருமதிப்பிற்குரிய பல்கலைக்கழகம் ஐயா அவர்களின் சமூகத்திற்கு’ என்று ஆரம்பித்து, ‘ஏழ்மை என்னும் இருளில் தவிக்கும் இந்தப் பேதைப் பெண்ணுக்குக் கருணை கூர்ந்து ஓர் இடம் அளித்து, எம் குடும்பத்தில் விளக்கேற்றி வைக்குமாறு தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து’ என்று முடித்திருந்தார். சுவேதாவும், அப்பா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றி டீச்சருக்கு அனுப்பினாள்.

செல்வகுமாரியின் பதில் வியாழக்கிழமை வந்தது. “மனு நல்லா இருக்கு சுவேதா. ஆனா இரக்கப்பட்டு சீட் குடுக்கறவங்க இல்ல அவங்க. நீ என்ன பாத்த, என்ன யோசிச்ச? அது ஒரு வரிகூட இதுல இல்லையே.”

அன்றிலிருந்துதான் மனத்தாங்கல்.

இதோ, சனிக்கிழமை காலை பதினொரு மணி. வயலில் ஈரம் காயவில்லை, டிராக்டர் இறங்காது, பாக்யராஜுக்கு லீவு. சகாயராணிக்கும் மாத்திரை கம்பெனியில் இன்று ஷிப்டு இல்லை. சுவேதா பீரோ மேலிருந்த நாலு அட்டை ஃபைலையும் இறக்கி, கூடம் முழுக்கத் தாளைப் பரப்பி, நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நேற்று காலையிலிருந்து இதே வேலை. பாக்யராஜ் வாசற்படியில் உட்கார்ந்து மருந்தடிக்கிற மிஷினின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். தையல் பாட்டுக்குத் தையல், கண் பாட்டுக்குக் கூடத்தில்.

“அப்பா, இது இன்னா வருஷம்? தேதி மேல தண்ணி பட்டு அழிஞ்சிருக்குது.”

“எதுக்கு? மனு எழுதறதுதான் தப்பாயிடுச்சே. அத இன்னாத்துக்குக் கிண்டினு இருக்கற?”

“தப்புன்னு யாரு சொன்னா? எனக்கு வருஷம் வேணும்.”

தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல எழுந்து போய் எட்டிப் பார்த்தார். “தானே புயலுக்கு அடுத்த வருஷம். பக்கிரி வூட்டுக் கூரைக்கு எழுதுனது.”

“நடந்துச்சா?”

“மூலையில பாரு. செவப்பு மை இல்லனா நடக்கல.”

அவள் தட்டிக்கொண்டாள். அவர் தண்ணீர் குடிக்க மறந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னொரு தாள், இன்னொரு கேள்வி. நாலாவது கேள்விக்கு அவர் மிஷினை ஓரமாக வைத்துவிட்டு உள்ளேயே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டரைக்கு சுவேதா நிமிர்ந்தாள்.

“மொத்தம் நானூத்தி முப்பத்தேழு மனு. பத்தொம்போது வருஷம்.”

“அவ்ளோவா?” பாக்யராஜுக்கே ஆச்சரியம். கேட்டபோது முகம் கொஞ்சம் மலர்ந்தும் போயிற்று.

“இரு, இன்னும் இருக்குது. கருணை, கண்ணீர், பொற்பாதம், இதுல ஏதாச்சும் ஒண்ணு இருக்கற மனு முந்நூத்திப் பதினொண்ணு. அதுல நடந்தது நாப்பத்தாறு.”

“ம்.”

“அது எதுவுமே இல்லாத மனு நூத்தி இருபத்தாறு. எந்தக் கம்பம், இன்னா நம்பரு, எத்தன நாளா லைட்டு எரியல, எத்தன வூட்டுக்கு இருட்டு. அவ்ளோதான் எழுதியிருக்கற. அதுல எம்பத்தொம்போது நடந்திருக்குது.”

பாக்யராஜ் அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். “அதெல்லாம் அவசரத்துல எழுதுனதுமா. அழ வெக்க நேரம் இல்ல.”

பின்கட்டில் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்த சகாயராணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மீன் நழுவி சட்டிக்குள் விழுந்தது. “பத்தொம்போது வருஷமா ஊரையே அழ வெச்சிருக்கறய்யா நீ.”

“நீ மீன ஆய்டி.”

“அப்பா, நான் கிண்டல் பண்ணல. இத யாருமே இதுவரைக்கும் எண்ணிப் பாத்ததில்ல. எந்த மனு நடக்குது, எது நடக்கல, ஏன்? எனக்கு இதத்தான் படிக்கணும். டீச்சர் கேட்டது இதத்தான். உன் ஃபைல வெச்சுத்தான் எழுதப்போறன்.”

மனத்தாங்கல் போன இடம் தெரியவில்லை. தன் எழுத்து பெங்களூருக்குப் போகாவிட்டால் என்ன, தன் ஃபைல் போகிறதே என்று பாக்யராஜுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மீன் குழம்பை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு சுவேதா கட்டுரையைப் படித்துக் காட்டினாள். இங்கிலீஷ் வரியைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

“எங்கள் தெருவின் கடைசி வீட்டில் காசம்மாள் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. நாலு வருடம் முன்பு அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடிய வடிகால் வாய்க்கால் மண் கொட்டி மூடப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவருக்காக என் அப்பா எழுதிய மனுவில் கண்ணீர் இல்லை. வாய்க்காலின் நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, மூடிய மாதம் இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்தபடி, அது நடந்திருக்க வேண்டிய மனு. ஆனால் அதை வாங்கியதற்கு அலுவலகம் ஒரு முத்திரைகூட வைக்கவில்லை. நானூற்று முப்பத்தேழில் முத்திரை விழாதது அது ஒன்றுதான். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்புக்கு வருகிறேன்.”

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். “மூடுனது யாருன்னு நகல்ல இருக்குது. ஆனா முதலாளி பேர நான் போடல. உனக்கு சங்கடமா இருக்கும்.”

பாக்யராஜ் தலையை ஆட்டினார்.

அந்த மனு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கரும்பு லாரி வயல் வரைக்கும் வரவேண்டும் என்று அரங்கநாதன் அந்த வாய்க்காலைத் தூர்த்து வழி போட்டார். மண்ணைக் கொட்டியது அரங்கநாதனின் டிராக்டர். அன்றைக்கு அதை ஓட்டியதும் பாக்யராஜ்தான். காசம்மாள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலைத் தானே அளந்து, முடிச்சுப் போட்ட கயிறோடு அவரிடம் வந்தாள். “அளவு எழுது, மாசம் எழுது, யாருன்னு எழுது. ஒப்பாரி வேணாம்,” என்றாள். அவரும் எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை போகவும் செய்தார். ஆபீஸ் வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றார். தாளில் தன் கையெழுத்தில், தனக்கு வேலை கொடுத்தவரின் பெயர். எழுதும்போது கனக்காத பெயர் கொடுக்கும்போது கனத்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டார். நகலைப் பழக்கத்தில் ஃபைலில் போட்டார். கைநாட்டு வைத்த அசல், பீரோவின் அடித்தட்டில் விரித்திருக்கும் பழைய காலண்டர் தாளுக்குக் கீழே போயிற்று. காசம்மாளிடம், “குடுத்தாச்சு யக்கா,” என்று சொன்னார். இதெல்லாம் சகாயராணிக்கு மட்டும் தெரியும்.

அவர் மெல்ல எழுந்து பின்கட்டுக்குப் போனார். சகாயராணி அவர் பின்னாலேயே வந்தாள்.

“அஞ்சு மணி வரைக்கும் வாயத் தொறக்காத.”

“தப்பா எழுதியிருக்குது ராணி. ஆபீஸ்காரன் மேல போட்டிருக்குது.”

“இருக்கட்டும். பெங்களூர்ல இருக்கறவன் வந்து நம்ம பீரோவத் தொறந்து பாக்கப்போறானா? புள்ள அனுப்பட்டும். அப்பறம் பதமா சொல்லிக்கலாம். நாலு வருஷமா சொல்லல, மூணு மணி நேரத்துல இன்னா கெட்டுப்போவுது?” பிறகு குரலை இறக்கினாள். “குடுக்க வேணாம்னு அன்னிக்கி சொன்னது நானுந்தான். உன் மேல மட்டும் பழி இல்ல.”

பாக்யராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதைவிட, வசதியாகப் பட்டது என்று சொல்வதுதான் சரி. மூன்று மணி நேரம். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு ஒன்றும் புது வேலை இல்லை.

சுவேதா அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு மூன்று மணிக்கு செல்வகுமாரி கூப்பிட்டார். சுவேதா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“சுவேதா, இதுதான் கட்டுரை. முதல் பத்தியில நிமிர்ந்து உக்கார வெச்சிட்ட. ஒண்ணே ஒண்ணு. ‘நாலு வருஷம் முன்பு’ன்னு மொட்டையா விடாத. அந்த மனுவை எந்தத் தேதில குடுத்தாங்க, யார்கிட்ட குடுத்தாங்க, அதைப் போடு. இன்டர்வியூல இதைத்தான் தோண்டுவாங்க.”

“சரிங்க மேடம். அப்பா இங்கதான் இருக்காங்க, கேட்டுக்கறேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். “எந்தத் தேதிப்பா குடுத்த?”

சமையல் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

எந்தத் திங்கட்கிழமையைச் சொன்னாலும் நடக்கும். நாலு வருடத்துக்கு முந்தின தை மாதத்தில் நாலைந்து திங்கட்கிழமை இருந்திருக்கும். யாரிடம் கொடுத்தாய் என்றால், கண்ணாடி போட்ட ஒருத்தர் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தேதியை மகள் இங்கிலீஷில் எழுதுவாள். பிறகு பெங்களூரில் ஏதோ ஓர் அறையில் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து, அப்பா சொன்னார் என்கிற ஒரே தைரியத்தில், அதைத் திருப்பிச் சொல்வாள். இதுவரை அவர் சொல்லாமல் இருந்தார். இப்போது அந்தப் பொய்யை அவள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அது அவரால் முடியவில்லை.

“குடுக்கல,” என்றார்.

“இன்னாது?”

“அந்த மனுவ நான் குடுக்கல சுவேதா. எழுதனன். ஆபீஸ் வரைக்கும் எடுத்துனு போனன். முதலாளி பேரு இருந்துச்சு. திரும்பி வந்துட்டன்.”

சுவேதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையல்கட்டைப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமாம்மா?”

சகாயராணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“காசம்மா அத்த உன்ன எத்தன தடவ கேட்டாங்கப்பா?”

“ஏழெட்டுத் தடவ.”

“நீ இன்னா சொன்ன?”

“வரும் யக்கான்னு சொன்னன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாக்யராஜ் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்க் குழாயடியில் முகம் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள். அரங்கநாதனுக்குப் பயந்துதான் இத்தனை நாள் மறைத்ததாக பாக்யராஜ் நினைத்திருந்தார். அது பாதிதான். மீதிப் பாதி, ஈரம் சொட்ட நின்ற இந்த முகத்துக்குப் பயந்தது.

“இப்ப நிம்மதியா உனக்கு?” என்றாள் சகாயராணி.

“இல்ல.”

“பின்ன இன்னாத்துக்குச் சொன்ன?”

அவர் போய் பீரோவைத் திறந்தார். காலண்டர் தாளைத் தூக்கி அந்த மனுவை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மூடிய லேப்டாப் மேல் வைத்துவிட்டு வாசற்படிக்குப் போனார்.

சுவேதா திரும்பி வந்தபோது மணி மூன்றே கால். அந்தத் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தாள். கீழே ஊதா நிறத்தில் காசம்மாளின் பெருவிரல். பிறகு லேப்டாப்பைத் திறந்து, எழுதியிருந்த முதல் பத்தியை அழித்தாள். தட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. நடுவில் நிற்கும், வெகுநேரம் ஒன்றும் கேட்காது, மறுபடி ஆரம்பிக்கும். சகாயராணி டீ போட்டுப் பக்கத்தில் வைத்தாள். அது ஆடை படிந்து ஆறிப்போயிற்று. வாசலில் பாக்யராஜ் வாரைத் தைக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. போகிற வருகிற ஆள் கேட்டதற்கெல்லாம், “லீவுபா,” என்று மட்டும் சொன்னார்.

நாலு இருபதுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

“அப்பா, வா. கேளு. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. காசம்மா அத்தையப் பத்தியே இல்லாம வேற ஒண்ணும் வெச்சிருக்கன். வெறும் எண்ணிக்கை மட்டும். அதயும் அனுப்பலாம்.”

அவர் போய் நின்றார். சகாயராணியும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவேதா திரையைப் பார்த்தபடியே படித்தாள்.

“என் அப்பா நானூற்று முப்பத்தேழு மனு எழுதினார். நானூற்று முப்பத்தாறைக் கொடுத்தார். கொடுக்காத ஒன்றில் அவருக்கு வேலை கொடுத்தவரின் பெயர் இருந்தது. இன்று மதியம் வரை, தவறு அலுவலகத்தில் என்று இந்த இடத்தில் எழுதி வைத்திருந்தேன். மனு அலுவலகத்துக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று மட்டும்தான் நான் எண்ணினேன். அலுவலகத்தின் வாசலிலேயே, அதற்கும் முன்னால் வீட்டு பீரோவிலேயே எத்தனை மனு நின்றுபோகிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டா என்று தெரிந்துகொள்ள வருகிறேன்.”

படித்து முடித்துவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

“இதப் படிச்சா சீட்டு குடுப்பானா?” என்று சகாயராணி கேட்டாள்.

“தெரியாதும்மா.”

“என் பேரு இருக்குதா?” என்றார் பாக்யராஜ்.

“இல்ல. அப்பான்னுதான் இருக்குது.”

“அப்பான்னு போட்டப்பறம் பேரு எதுக்கு.” ‘எண்ணிக்கை மட்டும் அனுப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் பொய் இல்லை. மகளும் மறுக்கமாட்டாள், அவளே சொன்னதுதானே. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த அவருக்கே தெரிந்தது, இதுதான் நல்ல கட்டுரை. அவர் எழுதிய எந்த மனுவைவிடவும் நல்லது. இதில் ஓர் இடத்தில்கூட யாரும் யார் காலிலும் விழவில்லை.

“இதயே அனுப்புமா.”

நாலு முப்பத்தேழுக்குப் போய்விட்டது. வந்து சேர்ந்தது என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. சகாயராணி அதை எட்டிப் பார்த்து, “இது முத்திரையா?” என்றாள். “அது மாதிரிதான்மா,” என்றாள் சுவேதா.

வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. சுவேதா பரப்பியிருந்த தாள்களை வருடவாரியாக அடுக்கி ஃபைலில் கோத்துக்கொண்டே, அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

“பெங்களூர்ல முன்ன பின்ன தெரியாத நாலு பேருக்குத் தெரியப்போவுது. காசம்மா அத்தைக்குத் தெரியாது.”

பாக்யராஜ் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

காசம்மாள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், இந்த ஐப்பசியில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு. அதற்குச் சற்று மேலே போன வருடத்துக் கோடு. பாக்யராஜ் அதைத் தினமும்தான் பார்த்துக்கொண்டு போகிறார். இன்றைக்கு நின்று பார்த்தார்.

“வா பாக்யராஜு. இன்னா, வேல இல்லையா?”

அவர் உட்காரவில்லை. மடித்த தாளை நீட்டினார். “யக்கா, இது உன் மனு. அன்னிக்கி நான் குடுக்கல. குடுத்தாச்சுன்னு பொய் சொன்னன்.”

காசம்மாள் தாளை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெருவிரல் ரேகையை மட்டும் பார்த்தாள். கீரை மடியில் கிடந்தது. இரண்டு கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு வாசலைக் கடந்து போயின.

“நெனச்சன்,” என்றாள் கடைசியில்.

“இன்னா யக்கா?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நெனச்சன். அதான் உன்னக் கேக்கறத வுட்டுட்டன். கேட்டா நீ தலயக் குனிஞ்சினு பொய் சொல்லணும். பாக்கறதுக்கு நல்லாயில்ல.”

அடித்திருந்தால்கூட அவருக்கு இத்தனை வலித்திருக்காது. தெருவே கேட்கத் திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்திருந்தார். அவள் அவருக்காகப் பரிந்து இரண்டு வருட மழையைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

“பேனா வெச்சினு இருக்கறியா?” என்றாள் காசம்மாள்.

“இருக்குது.”

“புதுசா எழுது. பழசக் குடுத்தா, நாலு வருஷம் இன்னா பண்ணன்னு கேப்பான். கயிறு இன்னும் வெச்சிருக்கன், அளவு அதே அளவுதான். திங்கக்கிழம நானே எடுத்துனு போறன்.”

உள்ளே போய், வெள்ளைத்தாள் ஒன்றும் அதை வைத்து எழுத ஒரு முறமும் கொண்டுவந்தாள். அவர் எழுதினார். நீளம், அகலம், மூடிய மாதம், அதன் பிறகு வீட்டுக்குள் தண்ணீர் நின்ற நாட்கள். மூடியவர் அரங்கநாதன். அந்த வரியில் கை நிற்கவில்லை. மண் கொட்டிய டிராக்டரை ஓட்டியவர் யார் என்று ஒரு வரி யாரும் கேட்காமலே சேர்த்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. படித்துக் காட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பெருவிரலில் பேனா மையைத் தேய்த்து அழுத்தினாள்.

“இப்ப அதுக்குக் கீழ, எழுதுனது யாருன்னு போடு.”

பாக்யராஜ் நிமிர்ந்தார். மனு எழுதிக் கொடுக்கிறவன் பெயர் மனுவில் வருவதில்லை. அது அந்தத் தொழிலின் வழக்கம். பத்தொன்பது வருடத்தில், நானூற்றுச் சொச்சம் மனுவில், ஒன்றில்கூட அவர் பெயர் இருந்ததில்லை. கேட்டால், இது கேட்பவரின் மனு, எழுதுபவன் வெறும் கை என்று சொல்வார்.

“எழுதறவன் பேரு போடறதில்ல யக்கா.”

“தெரியும். அதனாலதான் சொல்றன். போடு.”

அவர் எழுதினார். ‘எழுதியவர்: சே. பாக்யராஜ், ஓடைமேடு.’ அச்சு மாதிரி நிற்கிற அந்தக் கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

காசம்மாள் தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள்.

“ஆபீஸு எத்தினி மணிக்குத் தொறப்பான்?”

“பத்து மணிக்கு.”

“நீ எத்தினி மணிக்கு முதலாளி வூட்டுல டிராக்டர் சாவி வாங்கற?”

“ஏழு மணிக்கு.”

“அப்ப அவுரு ஆபீஸ்காரன் சொல்லித் தெரிஞ்சிக்குவாரா, நீ சொல்லித் தெரிஞ்சிக்குவாரா?”

பாக்யராஜ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். வேலை போகலாம். மகள் பெங்களூருக்குப் போவதானால் போகிற நேரத்தில் கையில் வேலை இல்லாமல் நிற்கலாம். அதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை.

“நான் ஏழு மணிக்கே சொல்லிடறன் யக்கா,” என்றார்.